உலூபி என்ற பெயருக்குப் பட்டா

மிராசுதார் சபாநாயகம் தம் மகளுக்கு உலூபி என்று பெயர் வைத்தார். பாரதத்தில், ஆற்றில் குளிக்க வந்த அர்ச்சுனனை உள்ளே இழுத்துக்கொண்டு போய்க் கல்யாணம் செய்துகொண்ட நாகர் குலப் பெண்ணின் பெயர் அது. புரோகிதர் அந்தக் கதையைச் சொல்லவில்லை. "எட்டு ஊரில் இல்லாத அபூர்வப் பெயர்" என்று மட்டும் சொல்லி வேட்டி வாங்கிக்கொண்டார்.

அபூர்வம் கெடலாமா? பண்ணையாள் எவனாவது அந்தப் பெயரைச் சொன்னால் குடிசையைக் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவு பிறந்தது. ஊரே "சின்னம்மா" என்றது. யாராவது கேட்டுத் தொலைப்பார்களோ என்று பெற்றவரும் "சின்னம்மா" என்றே கூப்பிட்டார்.

நான்கு வருடம் கழித்துத்தான் தெரிந்தது, பாரதக் கூத்துப் பார்த்த பண்ணையாள் இருசனும் தன் மகளுக்கு அதே பெயரை வைத்திருக்கிறான் என்று. பஞ்சாயத்து கூடியது.

"பேரை மாத்துறியா, குடிசையைக் காலி பண்றியா?" என்றார் மிராசுதார்.

"எந்தப் பேரை ஆண்டே?" என்றான் இருசன், கைகட்டியபடி.

"உனக்குத் தெரியாதாடா?"

"நான் சொன்னா குத்தமாச்சே. சாட்சிங்க சொல்லட்டும்."

சாட்சிகள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கும் குடிசை இருந்ததே!

பொறுமை இழந்த மிராசுதார் தாமே கத்தினார்: "உலூபிடா, உலூபி!"

"தோ வந்துட்டேன்!" என்று கூட்டத்திலிருந்து ஓடி வந்தாள் இருசன் மகள்.

மிராசுதாரின் மடியில் முறுக்கு கடித்துக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்து, "யாருப்பா உலூபி?" என்றாள்.

பஞ்சாயத்தார் துண்டால் வாயை மூடிக்கொண்டார்கள்.

"சின்னம்மா கேக்கறாங்களே ஆண்டே," என்றான் இருசன் பணிவாக. "அது இருசன் பொண்ணுதான்னு நீங்களே சொல்லிடுங்க."