ஊன்றாத சுண்டுவிரல்

அன்னைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் இறங்கல. சொல்லும்போது சத்தம் கூடுனா பொறுத்துக்கோங்க.

எங்க ஆஸ்பத்திரியில காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு டாக்டர் செய்யதலி பாத்திமாதான் தலைமை. வயசு முப்பத்தாறு. நான் எஸ்தர், அங்க பதினோரு வருஷமா ஸ்டாஃப் நர்ஸ். பாத்திமா மேடத்துகிட்ட மூணு மாசப் பயிற்சிக்கு ஒருத்தர் வந்திருந்தாரு, டாக்டர் பலவேசம். வயசு ஐம்பத்தி நாலு. கிராமத்து சுகாதார நிலையத்துல இருபத்தஞ்சு வருஷம் குப்பை கொட்டினவரு. அதை ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்லாம அவருக்குச் சோறு இறங்காது.

காது பார்க்கிற லைட்டை அவர் சுத்தியல் மாதிரிதான் பிடிப்பாரு. முழு முஷ்டியில பிடிச்சு, கை அந்தரத்துல நிக்கும். பேனா மாதிரி பிடிங்க சார், சுண்டுவிரலை பேஷண்ட் கன்னத்துல ஊன்றிக்கோங்கன்னு மேடம் முதல் நாளே சொல்லிட்டாங்க. "ஆகட்டும் மேடம்"னாரு. மறுநாளும் சுத்தியல்தான். கண் பிரிவுல கண்ணுக்குள்ள பார்க்கிற கருவியைக் கொடுத்தப்பவும் அப்படித்தான். பேஷண்டோட வலது கண்ணை நம்ம வலது கண்ணால பார்க்கணும், இவர் இடது கண்ணால பார்க்கப் போய் ஒரு பெரியவரு மூக்குல மூக்கை இடிச்சாரு. ஒருத்தர் காதுல விட்ட லைட் முனையை மாத்தாமலே அடுத்தவர் காதுக்குப் போக இருந்தவரை ரெண்டு தடவை நான் கையைப் பிடிச்சு நிறுத்தியிருக்கேன். அதுக்கும் ஒரு சிரிப்பு.

புதன்கிழமை ஓ.பி. மாரிக்கனின்னு ஒரு பொண்ணு, பீடி சுத்துறவ, ஆறு வயசு மகளைக் கூட்டிக்கிட்டு வந்தா. பிள்ளை பேரு தர்ஷிகா. இடது காதுல மூணு நாளா வலி.

"சார், இவளுக்கு வலது காது பொறந்ததுல இருந்தே கேக்காது. இந்த ஒத்தக் காதுதான். கொஞ்சம் பாத்து..."

"சரி சரி, பிள்ளையை நல்லா பிடி."

அவ்வளவுதான். அந்தத் தாய் சொன்னது அவர் மண்டைக்குள்ள போகவே இல்ல. வலிக்காத காதை முதல்ல காட்டிப் பழக்கணும்னு எங்க ஆயாவுக்குக்கூடத் தெரியும். இவர் நேரா வலிக்கிற காதுல லைட்டை விட்டாரு. கை அந்தரத்துல. பிள்ளைக்குச் சுருக்குனு பட்டிருக்கும், தலையைத் திருப்பிட்டா. தலை திரும்புச்சு, அவர் கை அங்கேயே நின்னுச்சு.

பிள்ளை வீல்னு கத்துனா. முனையை வெளிய எடுத்தா நுனியில ரத்தம்.

"பிடின்னு சொன்னேன்லம்மா! பிள்ளையைப் பிடிக்கக்கூடத் தெரியாதா?"

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிடுச்சு. வாயில நல்லா வந்துச்சு, பல்லைக் கடிச்சுக்கிட்டேன். மாரிக்கனி முகம் வெளுத்துப் போச்சு. "ஏட்டி, நான் பேசுறது கேக்குதா? ஏட்டி, அம்மா பேசுறது கேக்குதா?"

பிள்ளை உள்ளங்கையால காதை இறுக்கிப் பொத்திக்கிட்டா. கிடந்த ஒரே காதையும் மூடிக்கிட்டா அவளுக்கு என்ன கேக்கும்? அம்மா கேட்டதுக்குப் பதிலே இல்ல. கையை எடுக்கப் போனா கடிச்சா. காதுச் சவ்வு கிழிஞ்சிருக்கா, கேக்குதா கேக்கலையா, ஒரு மண்ணும் தெரியல.

பக்கத்து அறையில இருந்து மேடம் வந்தாங்க. முனையைப் பார்த்தாங்க. பிள்ளையைப் பார்த்தாங்க. நான் ரெண்டு வார்த்தையில சொன்னேன்.

"பிள்ளை அசைஞ்சிடுச்சு மேடம்," பலவேசம் சொன்னாரு. "அசைஞ்சா நாம என்ன பண்ண முடியும்?"

மேடம் கத்தல. அவங்களுக்குக் கோபம் வந்தா குரல் தணியும். எங்களுக்கெல்லாம் அதுதான் பயம்.

"பேஷண்ட் ஸ்டூல்ல உட்காருங்க."

"நானா?"

"உட்காருங்க சார்."

வரிசையில நின்னவங்க எல்லாரும் பார்க்க, உட்கார்ந்தாரு.

மேடம் பெரிய ஸ்டீல் ட்ரேயை எடுத்தாங்க, பிள்ளை முன்னால குத்த வச்சு உட்கார்ந்தாங்க. பலவேசத்தோட முதுகுக்குப் பின்னால இதைக் கீழே போடணும்னு ஜாடையில காட்டினாங்க. தர்ஷிகா ஒரு கையை நீட்டினா. மேடம் தலையை ஆட்டி, ரெண்டு கையைக் காட்டினாங்க. பிள்ளை யோசிச்சா. ட்ரேயைப் பார்த்தா, அவர் முதுகைப் பார்த்தா. அப்புறம் காதுல இருந்து கையை எடுத்து ட்ரேயை வாங்கிக்கிட்டா.

ஆபரேஷனுக்கு முன்னால தோல்ல குறி போடுற ஊதா மார்க்கரை மேடம் திறந்தாங்க. அவர் காது ஓரத்துல நூலிழை தள்ளி, படாம, அந்தரத்துல பிடிச்சாங்க. முஷ்டியில, அவர் பிடிக்கிற அதே பிடி.

"அசையாதீங்க சார்."

"ஏன் அசையப் போறேன்?"

டமார்.

மனுஷன் ஸ்டூலை விட்டே எழும்பிட்டாரு. காதுமடல்ல இருந்து கன்னம் வரைக்கும் ஊதாக் கோடு. தர்ஷிகா சிரிச்சா. வரிசையும் சிரிச்சுது. எனக்குச் சிரிப்பு வரல, ட்ரே விழுந்ததைப் பிள்ளை கண்ணால பார்த்துச்சே, கேட்டுச்சான்னு யாருக்குத் தெரியும்?

"அசைஞ்சிட்டீங்க," மேடம் சொன்னாங்க.

"திடீர்னு இப்படிப் போட்டா யாரா இருந்தாலும் அசையத்தானே செய்வாங்க!"

சொல்லிட்டு வாயை மூடிக்கிட்டாரு. மேடம் அவரை மறுபடி ஸ்டூல்ல உட்கார வச்சாங்க.

"இன்னொரு தடவை."

இந்தத் தடவை மார்க்கரைப் பேனா மாதிரி பிடிச்சு, சுண்டுவிரலை அவர் கன்னத்துல அழுத்தி ஊன்றினாங்க. என்னைப் பார்த்து, பிள்ளைக்குப் பின்பக்கம் கண்ணைக் காட்டினாங்க. எனக்குப் புரிஞ்சுபோச்சு. தர்ஷிகா அவர் கன்னத்து ஊதாக் கோட்டையே பார்த்துக்கிட்டு நின்னா. நான் கீழே கிடந்த ட்ரேயை எடுத்து, சத்தமில்லாம அவ முதுகுக்குப் பின்னால போய்க் கைவிட்டேன். ஆண்டவரேன்னு ஒரு வார்த்தைதான் மனசுல.

டமார்.

பலவேசம் துள்ளுனாரு. கூடவே தர்ஷிகாவும் துள்ளி என் பக்கம் திரும்புனா. "ஏன் சிஸ்டர் போட்டீங்க? நான்தானே போடணும்!"

மாரிக்கனி அப்படியே தரையில உட்கார்ந்துட்டா. "கேக்குது சிஸ்டர்... எம்பிள்ளைக்குக் கேக்குது..."

பலவேசம் கன்னத்துல ரெண்டாவது கோடு இல்ல. தலை எங்க போச்சோ, மேடம் கையும் அங்க போயிருந்துச்சு.

அப்புறம் மேடம் புது முனை மாட்டினாங்க. முதல்ல கேக்காத காதைப் பார்த்தாங்க, லைட்டைப் பிள்ளை கையில கொடுத்துத் தொடச் சொன்னாங்க. அதுக்கப்புறம்தான் இடது காது. சுண்டுவிரல் கன்னத்துல. பாதியில பிள்ளை அந்த ஊதாக் காதைப் பார்க்கணும்னு வெடுக்குனு திரும்புனா. எனக்கு உசுரே போச்சு. மேடம் கையும் கூடவே திரும்புச்சு. பிள்ளைக்கு ஒண்ணும் தெரியல.

"சவ்வு முழுசா இருக்கு. வழியில தோல் உரசியிருக்கு, அவ்வளவுதான். காதுக்குள்ள தண்ணி போகாம பார்த்துக்கோங்கம்மா. மருந்து எழுதித் தர்றேன்."

மாரிக்கனி கண்ணைத் துடைச்சுக்கிட்டு எழுந்தா. எழுந்தவ நேரா பலவேசத்துகிட்ட போய்க் கையைக் கூப்பினா.

"மன்னிச்சுக்கோங்க சார். நான்தான் ஒழுங்காப் பிடிச்சிருக்கணும்."

அவர் பழக்கதோஷத்துல சொன்னாரு, "பரவாயில்லம்மா. அடுத்த தடவை அசையாம பிடிச்சுக்கோ."

என் ரத்தம் கொதிச்சுது. யார் யாருக்கு மன்னிப்பு கேக்குறது? யார் பரவாயில்லன்னு சொல்றது? நான் வாயைத் திறக்கறதுக்குள்ள மேடம் மார்க்கரை மேஜையில டக்குனு வச்சாங்க.

"சார், முதல் தடவை ட்ரே விழுந்தப்ப உங்களை யாரு பிடிச்சிருந்தா?"

"யாரும் இல்ல."

"ரெண்டாந்தடவை?"

"யாரும்... இல்ல."

"ரெண்டு தடவையும் அசைஞ்சீங்க. கோடு ஏன் ஒண்ணுதான் இருக்கு?"

பலவேசம் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாரு. கோடு இருந்த இடத்தை இல்ல, மேடம் விரல் ஊன்றின இடத்தை.

அப்புறம் எழுந்தாரு. "அம்மா, தப்பு உன்மேல இல்ல. நான் பிடிச்ச பிடிதான் தப்பு," அப்படின்னாரு. மாரிக்கனி மகளைக் கூட்டிக்கிட்டுக் கிளம்புனா. கதவு வரைக்கும் தர்ஷிகா என்கிட்ட பேசிக்கிட்டே வந்தா. அவரைத் தாண்டுறப்ப மட்டும் காதைப் பொத்திக்கிட்டா.

அவர் அதைப் பார்த்தாரு. கன்னத்தைத் துடைக்க ஸ்பிரிட் பஞ்சை நீட்டினேன், வாங்கல.

அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன். ஒரு அம்மா, இடுப்புல ஒரு வயசுப் பையன். இப்பவே திமிறிக்கிட்டு இருந்தான், அவ பிடிக்குள்ள நிக்கல.

பலவேசம் லைட்டை எடுத்தவரு அப்படியே நின்னாரு. "மேடம், இவன் அசைஞ்சுக்கிட்டேதான் இருப்பான். நான் என்ன செய்யட்டும்?"

"அசையட்டும் சார். நீங்களும் கூடப் போங்க."