ஆவுடைக்கு ஒரு துப்பாக்கி

மேகம் தரையில் வந்து உட்கார்ந்துகொள்ளும் மலை அது. சாரல் மாதங்களில் அங்கே மேகம் பார்க்க யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. கதவைத் திறந்தால் வாசலில் நிற்கும்.

அந்த மலைமேல் ஒரு துப்பாக்கிப் பட்டறை இருந்தது. பக்கத்திலேயே சுட்டுப் பார்க்க ஒரு திடல். இரண்டுக்கும் ஆசான் உலகம்மை. முப்பத்தைந்து வயது இருக்கும். அவருடைய சீடர் குத்தாலிங்கத்துக்கு ஐம்பது தாண்டிவிட்டது. சீடர் "ஆசானே" என்பார், ஆசான் "அண்ணாச்சி" என்பார். இதில் அவர்கள் இருவருக்கும் சங்கடம் ஒன்றுமில்லை. பார்க்க வருகிறவர்கள்தான் நெளிவார்கள்.

குத்தாலிங்கம் அடிவாரத்தில் கடிகாரம் பழுது பார்த்துக்கொண்டிருந்தவர். அவர் மனைவி ஆவுடைக்குக் காட்டுக் காவல் வேலை. தெற்குக் காட்டில் மரம் வெட்டிக் கடத்துகிறவர்கள் துப்பாக்கியோடுதான் வருவார்கள். போன மழைக்காலத்தில் ஆவுடை அவர்களுக்கு நேர் எதிரே போய் நின்றுவிட்டாள். முதல் குண்டு போனது. இரண்டாவது குண்டுக்கு அவள் துப்பாக்கி சிக்கிக்கொண்டது. வலது தோளில் அடி வாங்கிக்கொண்டு ஆற்று வெள்ளத்தில் குதித்ததால் பிழைத்தாள்.

அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்த அன்று குத்தாலிங்கம் கடையைச் சாத்தினார். மலை ஏறினார்.

"சிக்காத துப்பாக்கி ஒண்ணு செய்யப் படிக்கணும்," என்றார்.

"யாருக்கு?" என்று கேட்டார் உலகம்மை.

"என் வீட்டுக்காரிக்கு."

"உள்ள வாங்க."

அந்த மலையில் காவலர்கள் தங்களுக்கு ஏற்றபடி திருத்திய துப்பாக்கியை இடுப்பில் கட்டிக்கொள்ளலாம். அது அங்கே வழக்கம். ஒரு குண்டு போனதும் மேல்சட்டம் பின்னால் போய்த் திரும்பி, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் கைத்துப்பாக்கி ஒன்றைக் குத்தாலிங்கம் எடுத்துக்கொண்டார். ஆவுடையின் உள்ளங்கை சிறியது, அதனால் பிடியை ஒடுக்கினார். காட்டு இருட்டில் தெரிவதற்காகக் குழல் நுனியில் குறிபார்க்கும் முள்ளில் வெள்ளைப் பொட்டு வைத்தார். விசையை இளகலாக்கினார். மேல்சட்டத்தையும் குழலையும் கடிகாரத்துக்குள் பல்சக்கரம் வைப்பதுபோல, மயிரிழை இடைவெளி இல்லாமல் பொருத்தினார்.

சுட்டுப் பார்க்கும் நாள் வந்தது.

மணல்மூட்டை மேல் கையை ஊன்றி உட்கார்ந்தார். எதிரே இலக்கு அட்டை பனிக்குள் போவதும் வருவதுமாக இருந்தது. வரும்போது சுட்டார். போகும்போது காத்திருந்தார். சத்தம்கூட அந்த ஈரத்தில் அமுங்கி, வேறு ஏதோ மலையில் யாரோ கதவைத் தட்டியதுபோல் கேட்டது. குத்தாலிங்கத்துக்குத் தான் சுடுகிறோமா, யாரோ சுடுவதைக் கேட்கிறோமா என்று ஒரு கணம் தெரியவில்லை.

அட்டையைக் கழற்றிக்கொண்டு வந்தார். எல்லாத் துளைகளையும் ஒரு புளியங்கொட்டையால் மூடிவிடலாம்.

"பாருங்க ஆசானே."

உலகம்மை பார்த்தார். "நல்லா இருக்கு. ஆவுடை அக்கா காட்டுக்குள்ள மணல்மூட்டையத் தூக்கிட்டா போவாங்க?"

குத்தாலிங்கம் அட்டையைக் கீழே வைத்தார்.

"கைய மண்ணுல தேய்ங்க அண்ணாச்சி. அந்தா இருக்கற மரத்தத் தொட்டுட்டு ஓடியாங்க. வந்து இடது கையால சுடுங்க."

"இடது கையா?"

"அக்காவுக்குப் போன மழையில அடிபட்டது எந்தத் தோளு?"

அவர் கையை மண்ணில் தேய்த்துக்கொண்டு ஓடினார். மூச்சு வாங்கத் திரும்பி வந்து இடது கையால் சுட்டார். முதல் குண்டு போயிற்று. இரண்டாவதுக்கு மேல்சட்டம் பாதி வழியில் நின்றுவிட்டது. வெளியே விழ வேண்டிய காலித் தோட்டா வாயில் மாட்டிக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்ட மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

அவர் ஈரப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். அழுகை வந்தது, அழுதார். சாரலில் தெரியாது என்று நினைத்துக்கொண்டார். தெரிந்தது.

உலகம்மை பக்கத்தில் வந்து குந்தினார்.

"எங்க ஊருல ஒரு ஆசாரி. தன் வீட்டுக்கே கதவு செஞ்சாரு. காத்துகூட நுழையாது. ஊரே வந்து மெச்சிச்சு. ஆனியில சாரல் புடிச்சுது. கதவு ஊறிப் போச்சு. மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளையையும் பொண்ணையும் சன்னல் வழியாத்தான் எறக்குனாங்க."

குத்தாலிங்கம் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டார். "அப்புறம் என்ன செஞ்சாரு?"

"எழைப்புளிய எடுத்துக் கதவச் சீவுனாரு. வேற என்ன செய்வாரு?"

குத்தாலிங்கமும் பட்டறைக்குப் போனார். மேல்சட்டத்தை அரத்தால் தேய்த்து, கண்ணுக்குத் தெரியாத அளவு இளக்கம் கொடுத்தார். நாற்பது வருஷம் இறுக்கிப் பழகிய விரல் அது. ஒவ்வொரு தேய்ப்புக்கும் அவருக்கு மனசு வலித்தது.

மறுபடி சுட்டபோது துளைகள் விலகி விழுந்தன. புளியங்கொட்டை போதவில்லை, உள்ளங்கை வேண்டியிருந்தது. ஆனால் துப்பாக்கி சிக்கவில்லை. சேற்றில் போட்டு எடுத்தார், சுட்டது. வாளித் தண்ணீரில் முக்கினார், சுட்டது. இடது கையால், படுத்துக்கொண்டு, தளர்ந்த பிடியில், தோட்டா அடைக்கும் மேகசினை நிறைத்தும் பாதியாகவும், பழைய தோட்டா போட்டும் பார்த்தார். எல்லாவற்றுக்கும் சுட்டது.

"குடுத்துருங்க," என்றார் உலகம்மை.

"இன்னும் ஒரு தடவ பாத்துட்டு."

ஆசான் தடுக்கவில்லை. சீடன் குழியில் விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதும் ஆசான்களின் வேலையில் ஒரு பாதி. கல்நெஞ்சு இல்லாமல் அந்த வேலைக்கு வரக் கூடாது.

அதன்பிறகு திடலில் ஒவ்வொரு நாளும் வெடிச் சத்தம் கேட்டது. காலையா சாயங்காலமா என்று பனியில் தெரியாது. குத்தாலிங்கம் சுட்டார். சிக்காத ஒவ்வொரு குண்டும் அவருக்கு அடுத்த குண்டைப் பற்றிப் பயத்தைக் கொடுத்தது. இவ்வளவு நேரம் சிக்கவில்லையே, அப்படியென்றால் சிக்கும் நேரம் நெருங்குகிறதோ? சுட்டுச் சுட்டு ஸ்பிரிங் களைத்தது. புது ஸ்பிரிங் போட்டார். புது ஸ்பிரிங் போட்டால் அது புதுத் துப்பாக்கி அல்லவா? முதலிலிருந்து ஆரம்பித்தார்.

மணல்மூட்டையில் சாய்ந்தபடியே கண் அயர்ந்தால் கனவு வந்தது. கனவில் அவர் விசையை இழுப்பார். வெடிக்காது. துப்பாக்கிக்குள் கடிகாரம் ஓடும் சத்தம் கேட்கும். ஆவுடை ஆற்றில் கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு, "மணி என்ன ஆச்சுங்க?" என்று கேட்பாள். அவர் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். முள் இருக்காது.

ஒருநாள் முற்பகலில் பனியை விலக்கிக்கொண்டு நிஜமாகவே ஆவுடை வந்தாள். அவித்த நிலக்கடலைப் பொட்டலம் ஒரு கையில், குடை ஒரு கையில்.

"முடிஞ்சுதா?"

"இன்னும் ஒரே ஒரு சோதன."

"போன வாரமும் இதத்தான சொன்னீங்க?"

அவள் இரண்டையும் மணல்மூட்டை மேல் வைத்துவிட்டுத் துப்பாக்கியை எடுத்தாள். கைக்குள் அது போய் உட்கார்ந்ததும் அவள் முகம் மாறிவிட்டது. திரும்பி நின்று, அட்டை பனியிலிருந்து தலைகாட்டிய நேரமாகப் பார்த்து மேகசின் தீரும்வரை சுட்டாள். எல்லாம் அட்டையின் நடுவட்டத்துக்குள்.

"எனக்குன்னே பொறந்திருக்கு," என்றாள். "இது போதும். இன்னைக்கே எடுத்துக்கிடுதேன்."

குத்தாலிங்கம் அதை அவள் கையிலிருந்து வாங்கிவிட்டார்.

"வேண்டாம் ஆவுட. ஸ்பிரிங் நேத்துதான் மாத்துனேன். இன்னும் சரியாப் பாக்கல."

"இப்பம் நான் பாத்தேன்லா?"

"நீ கொஞ்சந்தான சுட்ட."

ஆவுடை அவரையே பார்த்தாள். கோபப்படலாமா, பாவப்படலாமா என்று அவளுக்கே முடிவாகவில்லை.

"அலை ஓஞ்சப்புறம் குளிக்கப் போற ஆளுங்க நீங்க," என்றாள். இடுப்பிலிருந்த பழைய துப்பாக்கியின் வாரை இறுக்கிக்கொண்டாள். "மத்தியானம் எனக்குக் காவல் முறை. தெக்க ஆள் நடமாட்டம் இருக்காம். நான் எறங்குதேன்."

"அது சிக்குனா?"

"தட்டுவேன். சில நேரம் சொன்ன பேச்சுக் கேக்கும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கடலைப் பொட்டலத்தை மணல்மூட்டை மேலேயே விட்டுவிட்டு, குடையோடு நடந்தாள். கொஞ்ச தூரத்திலேயே பனி அவளை எடுத்துக்கொண்டது. குடை மட்டும் சற்று நேரம் தனியாக நடந்து போயிற்று. பிறகு அதுவும் இல்லை.

குத்தாலிங்கம் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குள் போனார். உலகம்மை அரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆசானே, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"அடுத்த குண்டு சிக்காதுன்னு எனக்குத் தெரியணும். எத்தன சுட்டாத் தெரியும்?"

உலகம்மை அரத்தைக் கீழே வைத்தார். துப்பாக்கியை வாங்கி, மேகசினில் ஒரே ஒரு தோட்டாவைப் போட்டு ஏற்றினார். குத்தாலிங்கத்தைத் திடலுக்குக் கூட்டிப்போய் அவர் கையில் கொடுத்தார்.

"இது வெடிக்குமா?"

"வெடிக்கணும்."

"வெடிக்குமா?"

"சுட்டாத்தான ஆசானே தெரியும்?"

"சுடுங்க."

சுட்டார். காலித் தோட்டா தெறித்துப் புல்லில் விழுந்தது. சாரல் பட்டு அதிலிருந்து லேசாக ஆவி வந்தது. உலகம்மை குனிந்து அதை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். சூடாக இருந்தது.

"இது வெடிச்சுதா?"

"வெடிச்சுது."

"சந்தேகம் இருக்கா?"

"இதுல என்ன சந்தேகம்?"

"அப்பம் இதக் கொண்டுபோயி அக்காகிட்ட குடுங்க. கொஞ்சங்கூடச் சந்தேகமில்லாத தோட்டா."

குத்தாலிங்கம் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பித்தளைக் கூட்டுக்குள் ஒன்றுமில்லை. அந்தச் சூடும் சீக்கிரம் ஆறிவிட்டது.

பிறகு, யாரிடமும் சொல்லாத ஒன்றை அவர் சொன்னார். குரல் அவருக்கே சரியாகக் கேட்கவில்லை.

"பழசு சிக்கி அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, விதின்னு அழுதுட்டுப் போயிருவேன் ஆசானே. இது சிக்குச்சுன்னா, அது நானு. நான் செஞ்சது. நானே அவ கையில குடுத்தது."

இத்தனை நாளும் சுட்டது இதற்காகத்தான் என்று அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

உலகம்மை துப்பாக்கியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். மேகசினை உருவி, தோட்டாக்களை ஒவ்வொன்றாக ஏற்றினார். அவசரப்படவில்லை. நிறைந்ததும் செருகி, உறையில் போட்டுப் பொத்தானை மாட்டினார்.

"ஏன் அண்ணாச்சி, அக்கா மேல குண்டு பட்டா வலிக்கப் போறது விதிக்கா, ஒங்களுக்கா?"

குத்தாலிங்கம் திரும்பிப் பார்த்தார்.

ஆவுடை இறங்கிப்போன பக்கம் வெள்ளையாக இருந்தது. பாதை எது, பள்ளம் எது என்று தெரியவில்லை. உலகம்மை உறையோடு துப்பாக்கியை அவர் கையில் வைத்தார்.

"அக்கா வெரசா நடப்பாங்க. இப்பமே ஓடுனா ரெண்டாவது வளைவுல புடிச்சிரலாம்."