மலையேறாத வண்டி

ஏற்காடு மலையடிவாரத்தில் ஷம்ஷாத் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தாள். வயது முப்பத்துநாலு. அவளிடம் தொழில் கற்க வந்த சீடர் குழந்தைவேலுவுக்கு ஐம்பத்திரண்டு. நூல் மில்லை மூடியதும் வந்து சேர்ந்தவர். அவர் அவளை மேஸ்திரி என்பார், அவள் அவரை அண்ணே என்பாள். குருவுக்குத் தாடி இருந்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஆயுத பூசை முடிந்த மூன்றாம் நாள் வளர்மதி தன் டாக்சியோடு வந்தாள். இன்ஜின் விளக்கு மஞ்சளாக எரிந்தது. எவ்வளவு மிதித்தாலும் இழுக்கவில்லை. இரண்டாவது கொண்டை ஊசி வளைவோடு வண்டி கையை விரித்துவிட்டதாம். மூன்று மணிக்கு அவள் டீச்சர்களை மேலே ஏற்றிப் போக வேண்டும். தினப்படி ஓட்டம், இன்று தவறினால் வேறு ஆளுக்குப் போய்விடும். டாக்சி ஸ்டாண்டில் தீர்ப்பே சொல்லிவிட்டார்கள்: பொம்பளை கியர் போட்டால் வண்டி எப்படி மலையேறும்?

குழந்தைவேலு ஸ்கேனரைச் செருகினார். இன்ஜினுக்குள் போகும் காற்றை அளக்கும் சென்சாரில் கோளாறு என்று காட்டியது. சேலம் போய்ப் புதுசு வாங்கி மாட்டச் சாயங்காலம் ஆகும் என்றார். பிறகு, ஓட்டுகிற கையும் கொஞ்சம் சரியில்லைதான் என்று முணுமுணுத்தார்.

வளர்மதிக்குக் கேட்டுவிட்டது.

"பதினோரு வருசமா இதே கைதாண்ணே. நேத்துதான் நான் பொம்பளைன்னு வண்டிக்குத் தெரிஞ்சுதா?"

ஷம்ஷாத் சிரித்தாள். சீடரின் தோளில் கிடந்த துண்டை நனைத்து, மூக்கும் வாயும் மூட இறுக்கிக் கட்டிக்கொள்ளச் சொன்னாள். அப்படியே ஒரு லாரி டயரைத் தண்ணித் தொட்டி வரை உருட்டிப் போய் வரச் சொன்னாள்.

மேஸ்திரி சொன்னால் மறுபேச்சுப் பேசுவதில்லை என்பது அவர் கொள்கை. போகும்போது கம்பீரமாகப் போனார். வரும்போது டயர்தான் அவரை உருட்டிக்கொண்டு வந்தது. முகம் சிவந்து, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஷம்ஷாத் குனிந்து கேட்டாள்: "மூக்கை மாத்திடலாமாண்ணே?"

அவர் துண்டை அவிழ்த்து நீளமாக ஒரு மூச்சு இழுத்தார். எழுந்து போய், பானெட்டைத் தூக்கி ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தார்.

உள்ளே சாமந்தி இதழ்கள். தண்ணீரில் ஊறி, அடையாக அப்பிக் கிடந்தன. கூடவே ஒரு முழம் நார். முன்பக்கம் செருகிய பூசை மாலையைக் காற்றுக் குழாய் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சியிருந்தது.

அந்த மாலையை அவருக்கு நன்றாகவே தெரியும். பூசையன்று இதே ஒர்க்‌ஷாப்பில், கீழே விழுந்துவிடக் கூடாதே என்று ஸ்க்ரூ டிரைவரால் ஆழமாகக் குத்தி உள்ளே தள்ளியவர் அவர்தான்.

புது ஃபில்டர் ஏறியது. விளக்கு அணைந்தது. இரண்டே முக்காலுக்கு வளர்மதி வேண்டுமென்றே ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டு, நீளமாக ஹாரன் அடித்துவிட்டு மலைப் பக்கம் திரும்பினாள்.

குழந்தைவேலு நாரை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார்.

"அந்தப் பிள்ளை இறங்கி வந்ததும் மன்னிப்புக் கேட்டுடறேன், மேஸ்திரி."

"அது அப்புறம். முதல்ல ஸ்டாண்டுக்குப் போயி, தப்புப் பண்ணுனது எந்தக் கைன்னு காட்டிட்டு வாங்க."