கடைசி அறையின் தாழ்ப்பாள்

உஷ்ஷ்... டொக். உஷ்ஷ்... டொக்.

தூத்துக்குடியில் துறைமுகச் சாலைக்கு அருகே ஒரு பெண்கள் விடுதி. அங்கே துணி தேய்க்கும் அறையிலிருந்து இரவு ஒன்பது மணிக்கு இப்படி ஒரு சத்தம் வரும். பாம்பு என்றார்கள் சிலர். பாம்பு 'டொக்' என்று சொல்லுமா என்று கேட்டார்கள் வேறு சிலர். கடைசியில் ஒருநாள் வேணி குடையோடும் ஜுலைஹா டார்ச்சோடும் போய்க் கதவைத் தள்ளினார்கள். தாழ்ப்பாள் இல்லாத கதவுதான், ஆனாலும் பாதியில் நின்றது. உள்ளே யாரோ காலால் முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

"தள்ளாதீங்கட்டி, சிந்திரும்!"

அது ஜெசிந்தாவின் குரல். மூவரும் ஒரே அறையில் தங்கி, பன்னாட்டு வணிகமும் வளர்ச்சியும் பற்றிய முதுகலைப் படிப்பில் ஒரு மாதத்துக்கு முன் சேர்ந்தவர்கள். ஜெசிந்தாவுக்குக் கல்யாணமானது மற்ற இருவருக்கும் தெரியும். மணப்பாட்டில் அவள் அக்கா வீட்டில் ஐந்து மாதக் குழந்தை ஷைனி இருப்பது தெரியாது. 'குழந்தைகளோடு தங்க அனுமதி இல்லை' என்று விடுதிச் சுவரில் படித்த நாளிலிருந்து அவள் வாயே திறக்கவில்லை. கைப்பம்பில் பால் எடுத்து, ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்து, விடியற்காலைப் பேருந்தில் அனுப்பிக்கொண்டிருந்தாள்.

ஜுலைஹா டார்ச்சை அணைத்தாள். "ஏக்கா, நம்ம விடுதியில இருந்து ஏற்றுமதியாகுற ஒரே சரக்கு இதுதான். சுங்க வரி கட்டுனியளா?"

ஜெசிந்தா சிரித்தாள், கூடவே அழுதாள். பயந்து எடுக்கிற நாட்களில் பாட்டில் பாதிகூட நிறையாது. அன்றைக்குக் கழுத்துவரை நிறைந்தது.

ஆனால் இப்படி எத்தனை நாள் ஓடும்? காலையில் வகுப்புக்கு முன், மதிய இடைவேளையில், இரவில் என்று மூன்று வேளை ஒளிந்து, கதவுக்குக் காலை முட்டுக் கொடுத்து முடியவில்லை. படிப்பை விடுவதா, பாலை விடுவதா என்று அவள் தினமும் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் மாடியில் கடைசி அறை காலியானது. ஒருவர் மட்டும் தங்குகிற அறை, நல்ல தாழ்ப்பாள் போட்ட கதவு. நுழைவுத் தேர்வில் முதலிடம் வாங்கியவருக்கே அந்த அறை என்று விடுதி வாக்குக் கொடுத்திருந்தது. முதலிடம் வாங்கியவள் வேணி. அடுத்த உரிமை ஜுலைஹாவுக்கு. வேணியின் குறட்டை தாங்காமல் முதல் வாரமே விடுதிப் பதிவேட்டில் பெயர் எழுதிவைத்தவள் அவள். ஜெசிந்தா எதுவும் கேட்கவில்லை. அவளுக்காக வேணிதான் வார்டன் பிரகாசியம்மாவிடம் எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள்.

பிரகாசியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குழந்தை இங்க தங்கலியே, பால்தானே தங்குது? அதுக்குச் சட்டம் இல்ல. ஆனா உனக்குன்னு ஒரு சலுகை நான் குடுத்தா, ஆளுக்கொண்ணு கேட்டு வந்து நிப்பாளுவ. நாடு நாடாப் பேசித் தீர்க்குறதைத்தானே படிக்கிறீங்க? நீங்களே பேசுங்க. மூணு பேரும் சரின்னாத்தான் சாவி."

மூவரும் கட்டிலில் உட்கார்ந்து பேசினார்கள்.

வேணி யோசிக்கவே இல்லை. "எனக்கு வேண்டாம். ஜெசியக்காவுக்குக் குடுத்தாச்சு, முழுசா." வேணி அப்படித்தான், கை நிறைய அள்ளிக் கொடுப்பாள். வந்த புதிதில் தன் மேசையையும் "இனிமே உங்களுக்குத்தான்க்கா" என்று கொடுத்தாள். மாதத் தேர்வு வந்தபோது அதைத் திரும்ப இழுத்துப் போட்டுக்கொண்டாள். அதில் கெட்ட எண்ணம் இல்லை, தேவை வந்தது, எடுத்துக்கொண்டாள்.

ஜெசிந்தா தலையாட்டினாள். "யாரோட உரிமையையும் நான் பறிக்கக் கூடாதுட்டி. ஞாயித்துக்கிழமையோட நிறுத்திருதேன். பால்பவுடர்ல வளராத பிள்ளையா?"

"அப்போ அறை எனக்கு," என்றாள் ஜுலைஹா.

வேணி அவளை முறைத்தாள். "உனக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா?"

பிரகாசியம்மா கொடுத்தனுப்பியிருந்த பதிவேட்டை ஜுலைஹா மடியில் இழுத்து வைத்து எழுதினாள்: 'கடைசி அறை ஜுலைஹாவுக்கு. காலை ஐந்து, மதியம் ஒன்று, இரவு ஒன்பது ஆகிய வேளைகளில் அரை மணி நேரம், பால் கொடுக்கும் தாயாக இங்கே படிக்கிற எவளுக்கும் இந்த அறை உரியது. அவள் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. இதை ஒருவர் தனியாக மாற்ற முடியாது.' கீழே கையெழுத்துப் போட்டு, பேனாவை மற்ற இருவர் பக்கம் நீட்டினாள்.

"நான் முழு அறையைக் குடுத்தேன். நீ அரை மணி நேரத்தை அளந்து குடுக்கிறியாக்கும்!" என்றாள் வேணி.

கிடைத்ததை அப்படியே கொடுத்தவள் வேணி. தன் தேவையையே விட்டுக்கொடுத்தவள் ஜெசிந்தா. அறையைத் தனக்கே எடுத்துக்கொண்டவள் ஜுலைஹா. சொல்லுங்கள், இந்த மூவரில் சரியாகச் செய்தவள் யார்?

ஜுலைஹாதான். வேணி கொடுத்தது அன்பினால், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த மேசையை நினைத்துப் பாருங்கள். பிரியத்தில் கொடுத்தது கொடுத்தவர் கையைவிட்டு முழுதாக நீங்குவதில்லை. அதை வாங்கியவள் தினமும் பயந்துகொண்டே இருக்க வேண்டும், பயந்தால் பாட்டில் பாதிதான். ஜெசிந்தா விட்டுக்கொடுத்தது தன்னுடையதை அல்ல, அந்தப் பேச்சில் உட்கார இடமே இல்லாத ஷைனியுடையதை. ஜுலைஹா கொடுத்தது கொஞ்சம்தான், ஆனால் எல்லோர் முன்னாலும் எழுதிக் கொடுத்தாள், இனி வரப்போகிறவளுக்கும் சேர்த்துக் கொடுத்தாள். அதனால் அது சலுகை இல்லை, பிரகாசியம்மா பயப்படவும் ஒன்றும் இல்லை. வேணி சற்று நேரம் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். ஜெசிந்தா கடைசியாகப் போட்டாள். பிரகாசியம்மா அதைப் படித்துப் பார்த்துச் சாவியைக் கொடுத்தார். மணி ஒன்பது. ஜுலைஹா தலையணையோடு வராந்தாவுக்கு வந்து நின்றாள். "போங்கக்கா, கப்பல் காத்துக்கிட்டிருக்கு." ஜெசிந்தா உள்ளே போனாள். கதவு சாத்தப்பட்டது, தாழ்ப்பாள் உள்ளிருந்து விழுந்தது. இம்முறை கதவுக்கு யார் காலும் முட்டுக் கொடுக்கவில்லை.