மதிலில் குடியேறிய உழவாரக் குருவி

பறவைகளும் மனிதர்களும் ஒரே பேச்சுப் பேசித் திரிந்த அந்தக் காலத்தில், இத்தாலியில் ரோக்காமெல்லா என்று ஒரு சின்ன மலையூர் இருந்தது. குன்றின் உச்சியில் கல் வீடுகள், வண்டி நுழையாத சந்துகள், ஒரு மணிக்கூண்டு. ஊர் அவ்வளவுதான், ஆனால் ரோஷத்துக்குக் குறைச்சலில்லை. பள்ளத்தாக்குப் பட்டணத்துக்காரர்கள் படையோடு வரப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், ஊரைச் சுற்றி உயரமாக மதில் எழுப்பினார்கள்.

கட்டியவன் லாப்போ என்ற கொத்தன். சுவரில் மரக்கட்டைகளைச் செருகி, மேலே பலகை போட்டு நின்றுதான் கட்டினான். வேலை முடிந்து கட்டைகளை உருவியதும், வெளிப்பக்கம் முழுக்கக் கை நுழையும் பொந்துகள்.

"எதிரி இதுல கால் வச்சு ஏறிடுவான்டா. அடைச்சுடு! இல்லேன்னா நீயும் உன் பொண்டாட்டியும் ஊரைவிட்டு வெளியே!" என்றார், சில வாரம் கழித்து அதைக் கேள்விப்பட்ட ஊர்த்தலைவர் பாண்டோ.

லாப்போ இடுப்பில் கயிறு கட்டி, சுண்ணாம்புக் கலவையோடு இறங்கினான். முதல் பொந்தில் கரண்டியை நீட்டினால், உள்ளே உழவாரக் குருவி! அந்நாளில் அது இருக்கிற இடம் தெரியாத பறவை. அது பேசினால் காதைக் கிட்டே வைத்துத்தான் கேட்கவேண்டும்.

"அண்ணே, குஞ்சு பொரிச்சிருக்கேன். எல்லாப் பொந்துலயும் எங்க ஆளுங்கதான். றெக்கை முளைக்கட்டும், போயிடறோம்" என்றது.

"ஐயோ, என் பொழப்புல மண்ணைப் போடாதே தாயே! என் தெஸ்ஸா நிறைமாசம். அவளைக் கூட்டிட்டு நான் எங்கே போவேன்?"

குருவி சிறகை விரித்துக் குஞ்சுகளை மூடிக்கொண்டது. லாப்போவுக்குக் கை வரவில்லை. கலவையைக் கீழே கொட்டிவிட்டு மேலே வந்து, "அடைச்சாச்சு ஐயா" என்றான். அந்தத் தொப்பையைத் தூக்கிக்கொண்டு தலைவர் குன்றிறங்கிப் பார்க்கவா போகிறார்?

நாலைந்து நாள் கழித்து ஒரு மத்தியானம். வெயில் மண்டையைப் பிளந்தது. காவல்காரன் உட்பட ஊரே சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விட்டது. ஆகாயமே இடிந்து விழுந்தாலும் அந்த ஊரில் மத்தியானத் தூக்கம் தப்பாது. பட்டணத்துக்காரர்களுக்கு அது தெரியாதா என்ன? சத்தமில்லாமல் பொந்து பொந்தாக ஏறினார்கள்.

முன்னால் ஏறியவன் உச்சிப் பொந்தில் கையை விட்டான். விரல் குஞ்சின்மேல் பட்டது. அவ்வளவுதான்! வாயில்லாப் பூச்சியாக இருந்த தாய்க்குருவிக்கு அத்தனை குரல் எங்கிருந்து வந்ததோ, 'க்ரீச்ச்' என்று அலறி அவன் முகத்தில் பாய்ந்தது. மற்றப் பொந்துகளிலிருந்தும் குருவிகள் அலறிப் புறப்பட்டன. அவன் பிடியை விட்டுக் கீழே இருந்தவர்கள்மேல் விழ, அத்தனை பேரும் கொத்தாகச் சரிந்தார்கள்.

கூச்சல் கேட்டு லாப்போ அடித்துப் பிடித்து மதிலுக்கு ஓடி வந்தான். 'பாவி, நானே ஊரைக் கொன்னுட்டேனே' என்று தலையில் அடித்துக்கொண்டான். கீழே எட்டிப் பார்த்தால், பட்டணத்துக்காரர்கள் நொண்டி நொண்டி ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"அடைச்சாச்சுன்னியே?" பாண்டோ பின்னால் நின்றார்.

"இல்லீங்க ஐயா. உள்ளே குஞ்சு இருந்துச்சு..."

தலைவர் ஓடுகிறவர்களைப் பார்த்தார். பிறகு தொப்பை குலுங்கச் சிரித்தார். "நல்லவேளைடா, சொன்ன பேச்சைக் கேட்காத கழுதை! அடைச்சிருந்தா ஏணி போட்டு ஏறியிருப்பானுங்க, நம்மளை எழுப்ப ஒரு குருவிகூட இருந்திருக்காது. போ, தெஸ்ஸா பயந்திருப்பா, போய்ப் பாரு."

லாப்போ அங்கேயே உட்கார்ந்து, பாரம் இறங்கியவனாக அழுது தீர்த்தான்.

அன்று பிடித்துதான் ரோக்காமெல்லாவில் கொத்தர்கள் கட்டை உருவிய பொந்தை அடைப்பதில்லை. உழவாரக் குருவியும் மதிலைச் சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டே பறக்கிறது. மத்தியான வேளையில் அந்தக் கூச்சல் காதில் விழுந்தால், ஊர்க்காரர்கள் "நம்ம காவல் முழிச்சிருக்கு" என்று திரும்பிப் படுத்துக்கொள்கிறார்கள்.