சுடுகாட்டுப் பாதைக்கு முதல் கை

காலையில்தான் ஆடு மேய்க்கும் சடையனின் மனைவி செத்துப்போனாள். சுடுகாட்டுக்கு இருந்த ஒரே பாதையை ஊராட்சித் தலைவர் தனக்கோடி முள்வேலி போட்டு அடைத்திருந்தார். சடலத்தை வீட்டில் விட்டுவிட்டுச் சடையன் கிராமசபைக்கு ஓடினான்.

"புழக்கத்தில் இல்லாத பாதை. செங்கல் சூளைக்கு விடுகிறோம்" என்று தீர்மானம் வாசித்த தலைவர் கூட்டத்தை முறைத்தார். "இந்த வருஷம் அதுல நடந்தவன் எவனாவது இருந்தா கையைத் தூக்குங்கடா!"

பயத்தில் ஒரு கையும் எழவில்லை.

சடையன் எழுந்தான். "முதல் கை உங்களோடதுங்கய்யா. தை மாசம் உங்கப்பாவைக் கொண்டுபோனப்ப, கொள்ளிச்சட்டியோட முன்னால நடந்தது நீங்கதானே?"

தலைவர் கை எழவில்லை. ஆனால் அன்று பாடை தூக்கிய நாலு பேரின் கைகள் மெல்ல எழுந்தன. தலைவர் தீர்மானத்தை மடித்தார்.

பொழுது சாயுமுன் வேலியைப் பிரித்தார்கள். முள் கீறிய கையோடு சடையன் மனைவியின் பாடைக்குத் தோள் கொடுத்தான்.