தலைவரின் சட்டைப் பை

பார்வையில்லாத பிள்ளைகளுக்கான மையம் அது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. யார் உள்ளே வந்தாலும், ஆள் எப்படி இருக்கிறார், என்ன செய்கிறார் என்று பிள்ளைகளுக்குச் சத்தமாகச் சொல்லிவிட வேண்டும். அது ஆயா பவுனுவின் வேலை.

ஒருநாள் மையத்தின் தலைவர் தனசேகர் வந்தார். வந்த வேகத்தில், பிள்ளைகளில் ஒருத்தியான மதிவதனியைச் செல்போனில் படம் பிடித்தார்.

“இவ பேரு, தெரு எல்லாம் சொல்லு. படத்தோட போட்டாத்தான் நன்கொடை வரும்.”

பவுனுவுக்கு விஷயம் தெரியும். அடிக்கிற புருஷனுக்குப் பயந்து, மகளோடு ஒளிந்து வாழ்கிறாள் மதிவதனியின் அம்மா. தெரு தெரிந்தால் அவன் வாசலில் வந்து நிற்பான்.

“அவங்க அம்மாவை ஒரு வார்த்தை கேக்கணும்ங்கய்யா.”

“கேக்க என்ன இருக்கு? சொல்றியா, வேலையை விட்டுப் போறியா?”

பவுனு பிள்ளைகள் பக்கம் திரும்பினாள்.

“கண்ணுங்களா, தலைவர் ஐயா வந்திருக்காரு. தலைக்கு அடிச்ச டை காதுல ஒட்டியிருக்கு. சட்டைப் பையில மாத்திரை அட்டை நீட்டிக்கிட்டு இருக்கு. அது என்ன நோவுக்குன்னா...”

தலைவர் பையைப் பொத்திக்கொண்டார். “ஏய், என்னைக் கேக்காம என் நோவை எப்படிச் சொல்லுவே?”

“கேக்கணுமாங்கய்யா?” என்றாள் பவுனு.

தலைவர் பையை இன்னும் இறுக்கிப் பொத்தினார்.

“அத்தை, ஐயா இப்ப என்ன பண்றாரு?” என்றாள் மதிவதனி.

“உன் படத்தை அழிக்கப் போறாரு, தங்கம்.”

பிள்ளைகள் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். தலைவர் செல்போனை எடுத்தார். பவுனு எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்: “அழிச்சிட்டாரு.”